பிள்ளைக் காம்பராவில் ஓடிய இரண்டாவது படம்

1

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிறது என்று ஞாபகப்படுத்தியவள் மகள் நிரோஷினி. எனக்கு மறந்துபோனது தெரிந்தால் ராணி கோபித்துக்கொள்வாளே என்று பயந்தேன். பார்த்தால் அவளுக்கும் மறந்துதான் போயிருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "அப்படியா?" என்று மகளிடமே கேட்டோம்.

இத்தாலியில், போலோஞ்ஞாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் வரும் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். நான் இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையின் குளிர் அறையில் நிற்பவன். ராணி, முழுப்பெயர் செல்வராணி, அடுக்குமாடிக் கட்டிடங்களில் படி கழுவுகிறாள். இதை ஊரில் யாரிடமும் இப்படி விவரமாகச் சொன்னதில்லை. இலங்கையில், ஓப்பநாயக்கவில் இருக்கும் என் அண்ணன் இன்னமும் நான் ஏதோ கம்பனியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

காலை ஐந்து நாற்பது பஸ்ஸில் இருவரும் போக வேண்டும். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு முந்நூறு காலடி இருக்கும். குளிர் அறை என் இடது முழங்காலைத் தின்றுவிட்டது; காலையில் அது வளைய நேரமெடுக்கும். அதனால் ராணி முன்னால் போய்விடுவாள். பஸ் வந்ததும் ஒரு காலைப் படியில் வைத்து, மற்றக் காலைத் தரையில் ஊன்றி நின்றுகொள்வாள். அப்படி நின்றால் கதவு மூடாது. சாரதி கத்துவான். இவள் அவனைப் பார்த்து, "பியானோ, பியானோ" என்பாள். பியானோ என்றால் இந்த ஊர் மொழியில் மெதுவாக என்று அர்த்தம். நிற்கிற பஸ்ஸைப் பார்த்து மெதுவாக, மெதுவாக என்று சொல்கிற ஆள் இந்த நாட்டில் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள். 'பொறுங்கள்' என்பதற்குச் சரியான சொல் என்னவென்று எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தேன். காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நான் நொண்டி நொண்டி வந்து ஏறும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைப்பார்கள். எத்தனை வருஷமானாலும் அந்த வெட்கம் எனக்குப் பழகவில்லை.

2

கல்யாண நாளை நான் மறந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. அந்த வாரம் முழுதும் என் தலைக்குள் வேறொரு நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. ராணியின் மொழிப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி.

எனக்குக் குடியுரிமை கிடைத்த காலத்தில் பரீட்சை எதுவும் இருக்கவில்லை. மகள் பதினெட்டு வயதில் எடுத்துவிட்டாள். ராணியிடம் மட்டும் இன்னமும் வதிவிட அட்டைதான். அதைப் புதுப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம் ஒரு நாள் லீவு, ஒரு கட்டுத் தாள், விரல் அடையாளம், நீண்ட வரிசை. போன முறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பிறந்த இடம் எது என்று கேட்டாள். ராணி என்னிடம் கேட்காமல் மகளிடம், "புளத்கொகுபிட்டியில தோட்டம்னு சொல்லு" என்றாள். றப்பர்த் தோட்டம் என்று விளக்காமல் மகள் அதை அப்படியே மொழிபெயர்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் பேனாவை வைத்துவிட்டு, இரக்கத்தோடு ராணியைப் பார்த்து, "பூந்தோட்டத்திலா பிறந்தார்? ஆஸ்பத்திரி இல்லையா?" என்றாள். அதை விளக்கி முடிப்பதற்குள் எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டது.

பரீட்சைக்கு இரண்டு முறை பெயர் கொடுத்தோம். முதல் முறை அன்று காலை காய்ச்சல் என்றாள். இரண்டாம் முறை மேல்மாடிக் குமாரி அக்காவின் பிள்ளைக்குப் பேதி என்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். குமாரி அக்கா குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். ராணி பகல் முழுதும் அவளோடு சிங்களம்தான் பேசுகிறாள். கேகாலைப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு அது தாய்மொழியின் தங்கச்சி. இத்தாலியன் மட்டும் நாக்கில் ஏறமாட்டேன் என்கிறது.

"இந்தத் தடவையாச்சும் கையெழுத்துப் போடு ராணி" என்றேன்.

"அப்பறம் பாப்போம்."

"அடுத்த வெள்ளிக்கெழம கடைசி."

"எங்கப்பா ஒரு தாளுக்காக எத்தன தடவ கேகால கச்சேரிக்கு நடந்தாரு, தெரியுமா உங்களுக்கு? அது கெடச்ச அன்னைக்கி மடியில வச்சிக்கிட்டு அழுதாரு மனுசன். இப்ப நான் இன்னொரு தாளுக்குப் பரீட்ச எழுதணுமா? வயசு நாப்பத்தெட்டு."

குடியுரிமை பறிக்கப்பட்டு, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் தோட்டத்து ஆட்கள் கிடந்த காலம் உங்களுக்குத் தெரியாததல்ல. என் அப்பாவும் அந்தக் குடியுரிமைத் தாளுக்காக அரசாங்கக் கச்சேரி வரிசையில் நின்றவர்தான். ஆனால் ஒன்றை எடுத்தால் மற்றது போகாது, இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! களைப்பில் வாய் தடித்துவிட்டது.

"ஒரு காலு இங்க, ஒரு காலு அங்க. இப்படியே எத்தன வருசத்துக்கு நிப்ப?"

அவள் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அவளை எந்த இடத்தில் தொட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. என்னை எந்த இடத்தில் தொட்டது என்று மட்டும் தெரியும். தாளில் கையெழுத்துப் போடாததை நான் தாளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இவள் என்னோடு மனசு ஒப்பித்தான் வந்தாளா என்ற கேள்வி இருபத்தைந்து வருஷமாக எனக்குள் இருந்தது. அதைக் கேட்காமலேயே காலத்தை ஓட்டியவன் நான்.

3

கல்யாண நாளுக்கு மகள் எங்களைப் படத்துக்குக் கூட்டிப்போனாள். போலோஞ்ஞாவில் இருக்கும் தமிழ்ச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு பழைய தியேட்டரை வாடகைக்கு எடுத்து, புதுப் படம் போடுவார்கள்.

"அப்பா, நீ கட்டாயம் பாக்கணும். ஒரே சிரிப்பு" என்றாள். என் மகளுக்கு 'நீங்க' வராது. சின்ன வயதில் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரிந்த தமிழில் அப்பாவும் நீ, அம்மாவும் நீ, கடவுளும் நீதான்.

வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த, இலங்கையின் வடக்குப் பக்கத்துப் பெரியவர் நாங்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டிருக்கிறார்.

"நீங்கள் இந்தியாவோ?"

"இல்லீங்க. இலங்கதான். இரத்தினபுரி, கேகாலப் பக்கம்."

"கேகாலையிலை தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கோம்ங்க" என்றேன். இங்கே வந்த நாளிலிருந்து இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் றப்பர், தேயிலை, எத்தனை தலைமுறை என்று விளக்கம் கொடுப்பேன். இப்போது அவ்வளவுதான்.

படம் தென்காசிப் பக்கத்துக் கதை. கதாநாயகனுக்கு வேலை இல்லை, வீடு இல்லை. டீக்கடை பெஞ்சில் தூங்குவான், ஊரில் யாருடைய மோட்டார் சைக்கிளாவது அவன் கையில் இருக்கும். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டுவான், சாவு வீட்டில் பந்தல் போடுவான். ஊரே அவனைத் திட்டும், அவன் இல்லாமல் ஊருக்குப் பொழுதும் போகாது. போட்டோக் கொப்பிக் கடையில் வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறான். தினமும் ஒரே தாளைக் கொண்டுபோய்க் கொப்பி எடுக்கிறான். தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது.

"அப்பா, வெட்டிப் பயல்னா என்ன?" என்று மகள் என் காதில் கேட்டாள். அவள் படத்தைக் கீழே ஓடும் ஆங்கில எழுத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"செக்ரோல்ல பேர் இல்லாத ஆளு" என்றேன். தோட்டத்தில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் நாள் முடிவில் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்கிற கணக்குப் புத்தகத்தில் பேர் போடுவார். வேலை குறைந்தால் அரைப் பேர். பேரே இல்லாமல் சுற்றுகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் திரும்பவும் எழுத்தைப் படிக்கப் போய்விட்டாள்.

இடைவேளைக்குப் பிறகு வெளிநாட்டு மாப்பிள்ளை வந்தான். பெண் வீட்டார் பார்த்து முடித்த மாப்பிள்ளை. பெரிய சூட்கேஸ். போத்தல் தண்ணீர். உட்காருமுன் கதிரையைத் துடைப்பான். எதற்கெடுத்தாலும், "அங்கெல்லாம் இப்படிக் கிடையாது" என்பான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் சிரிப்பு. பரிசம் போட வரும் இடத்தில் சூட்கேஸ் திறந்து சொக்லட் எல்லாம் சேற்றில் கொட்டுகிறது. பிள்ளைகள் பொறுக்க ஓடுகிறார்கள். அவன் நடுவில் நின்று, "வரிசையா வாங்க, வரிசையா வாங்க" என்கிறான். மகள் சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்தாள்.

"அப்பா, அப்படியே நீதான்!"

ராணியும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில், குமாரி அக்காவோடு பேசிப் பழகிய வாயால், "அனே பவ்" என்றாள். ஐயோ பாவம் என்று அர்த்தம்.

எனக்கு அதற்குப் பிறகு படம் ஓடவில்லை. அந்தச் சொக்லட்டை நானும் கொண்டுபோயிருந்தேன்.

4

பரிசத்துக்கு மாப்பிள்ளை போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு லீவே மூன்று வாரம்தான் என்பதால், பெண்ணைப் பார்ப்பதும் பரிசம் போடுவதும் ஒரே நாளில் என்று அண்ணன் ஏற்பாடு செய்தார். ஓப்பநாயக்கவிலிருந்து வான் பிடித்து, இரத்தினபுரி, அவிசாவளை சுற்றிப் புளத்கொகுபிட்டிய பக்கம் போய்ச் சேரும்போது நல்ல மழை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்கு ஆச்சரியம். லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் ஆணும் பெண்ணுமாக ஆட்கள் நிறைந்து நிற்கிறார்கள். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் வானம் பிளந்து ஊற்றினாலும் தலையில் ரெட்டு என்கிற தடித்த துணியைப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போக வேண்டும். எனக்கு மரியாதை செய்யத்தான் இவ்வளவு பேரும் வேலைக்குப் போகாமல் நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே போனேன். மழை பெய்தால் றப்பரில் பால் வெட்ட முடியாது, அன்று தோட்டம் முழுதும் வீட்டில்தான் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தேயிலைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய பிழை. அன்று நான் செய்த பிழைகளில் அது சின்னது.

தட்டு மாற்றிப் பரிசம் முடிந்து, சாப்பாடும் ஆயிற்று. வான் ஏற்றத்தில் சேற்றில் புதைந்துவிட்டதால் திரும்பிப் போக வழியில்லை. அதனால் எங்களைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப்போனார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் நீள அறை அது. ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கி, ஒரு டீவியும் வீடியோ டெக்கும் வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்குப் படம் காட்டுவது அங்கே மரியாதை.

டெக்கைக் கொண்டுவந்தவன் சேகர். அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். எந்த விசேஷம் என்றாலும் டவுனில் டெக் எடுத்துத் தோளில் சுமந்து வருவான் என்றார்கள். செக்ரோலில் பேர் இல்லாத ஆள். வந்த உடனேயே என்னை, "வாங்கண்ணே, இங்க உக்காருங்கண்ணே, இங்கருந்துதான் படம் நேராத் தெரியும்" என்று நடுவில் உட்காரவைத்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. முதல் சொக்லட்டை அவனுக்குத்தான் கொடுத்தேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை தகரக் கூரையில் வெளுத்து வாங்கியது. ஒரு வசனமும் கேட்கவில்லை. கூட்டம் சத்தம் போட்டது. சேகர் டீவிக்குப் பக்கத்தில் ஏறி நின்றான். அவனுக்குப் படம் முழுக்க மனப்பாடம். கதாநாயகன் பேசினால் கதாநாயகன் குரல், அப்பா பேசினால் அப்பா குரல், பெண் பேசினால் தாவணி முனையைச் சுருட்டுகிற கை. மழைக்கு மேலே அவன் தொண்டை. ஜனம் படத்தை விட்டுவிட்டு அவனைப் பார்க்க ஆரம்பித்தது. நான் வெளிநாட்டுக்குப் போன பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை.

மூன்று மணிபோலப் படம் முடிந்தது. ஜனம் எழுந்திருக்கவில்லை. நான்தான் சொன்னேன்: "தம்பி, இன்னொரு படம் போடுங்க."

அவன் ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சிரித்துக்கொண்டு, "மாப்புள்ள கேட்டு இல்லன்னு சொல்லலாமாண்ணே?" என்று அடுத்த கெசட்டைப் போட்டான்.

அந்த இரண்டாவது படத்தில் ஒரு கட்டம். கதாநாயகன் பெண்ணிடம், "நீ ஒரு வார்த்த சொல்லு, இந்த ஊரையே விட்டு வந்துர்றேன்" என்று சொல்லுவான். சேகர் அதைச் சொல்லிக்கொண்டே சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, கையை நீட்டி, 'பொறு' என்கிற மாதிரி உள்ளங்கையைக் காட்டினான். அங்கே அந்தப் பெண்ணே நிற்கிற மாதிரி இருந்தது. என்ன நடிப்பு! நான் கைதட்டினேன். என்னைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் பத்திரமாக வைத்திருந்தது. படம் முடியுமுன்னே எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ராணி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். காலையில் பார்த்தபோது பூவும் நகையுமாகத் தலை குனிந்திருந்தவள், இப்போது சாதாரணச் சேலையில், தலை சொட்டச் சொட்ட ஈரமாக, நேரே என் முன்னால் வந்து நின்று என் கண்ணைப் பார்த்துக் கோப்பையைக் கொடுத்தாள். எனக்காகத் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். குளிர் அறையில் கை மரத்துப்போகும் நேரங்களில் எத்தனையோ வருஷம் அந்த ஈரத் தலையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

லயத்தில் ஒரு பேச்சு இருந்ததாம் என்று கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் மெல்லச் சொன்னார். சேகரின் பெயரையும் சொன்னார். லயத்துச் சுவர்கள் கூரைவரை போகாது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். இல்லாததையும் பேசுவார்கள் என்று நான் விட்டுவிட்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான் காரணம்.

5

படத்தின் முடிவில் வெளிநாட்டு மாப்பிள்ளை சேற்றில் விழ, வெட்டிப் பயல் தாலி கட்ட, தியேட்டர் எழுந்து விசிலடித்தது. மகள் சிநேகிதிகளோடு போய்விட்டாள். நானும் ராணியும் ரயிலில் வந்து இறங்கி, எங்கள் ஊர்ப் பஸ்ஸுக்காக நின்றோம். வெயில் இன்னும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் லேசில் வராது.

"அந்தப் பயலப் பாத்தா சேகர் ஞாபகம் வரல?" என்றேன். இருபத்தைந்து வருஷம் வாயில் வராத பெயர் சாதாரணமாக வந்துவிட்டது.

ராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வந்துச்சு" என்றாள்.

"உங்களுக்குள்ள..."

"ஆமா. இருந்துச்சு." கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "பரிசத்தன்னைக்கிப் போறதாத்தான் இருந்துச்சு. நாலு மணி கேகால பஸ்ஸு. படத்தப் போட்டுட்டு எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கையில நழுவி வந்துர்றேன்னாரு. நான் பீலிக்கித் தண்ணி எடுக்கப் போறேன்னு அம்மாட்ட சொல்லிட்டு வந்து பிள்ளக் காம்பராவுக்குப் பின்னுக்குப் பலா மரத்தடியில நின்னேன். பையைக் காலையிலேயே அங்க ஒளிச்சி வச்சிருந்தேன்."

"மழையில?"

"மழையிலதான். படம் பேசல, அவரு பேசுனாரு. மொதப் படம் முடிஞ்சிச்சு. இந்தா வந்துருவாருன்னு பையத் தூக்கிக்கிட்டேன். யாரோ இன்னொரு படம் கேட்டாங்க."

நான் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தேன்.

"குரல் எனக்குத் தெரியல அப்ப. பின்னாடிதான் தெரிஞ்சிச்சு." அவள் சிரிக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. ஜன்னல் சாக்க வெலக்கிப் பாத்தேன். அவரு என்னப் பாத்துட்டாரு. ஊரையே விட்டு வந்துர்றேன்னு வசனம் சொல்லிக்கிட்டே, இரு, இந்தக் கட்டம் முடியட்டும்னு கையக் காட்டுனாரு. எல்லாரும் கைதட்டுனாங்க. கைதட்டுனதும் அவரு மொகத்தப் பாக்கணுமே! என்னைய மறந்துட்டாரு. கெட்ட ஆளு இல்ல. கூட்டத்தக் கண்டா அவருக்கு வேற எதுவும் வேணாம்."

"அப்பறம்?"

"திருப்பத்துல பஸ்ஸு ஹோன் அடிச்சது கேட்டிச்சு. போயிருச்சு. நானும் வீட்டுக்குப் போயிட்டேன். அம்மா பையப் பாத்தாங்க. ஒரு வார்த்த பேசல. சேலைய மாத்திவிட்டுத் தட்டக் கையில குடுத்தாங்க."

"தல..."

"மழத் தண்ணி."

அவ்வளவு காலம் நான் பொத்தி வைத்திருந்ததை அவள் ஒரே சொல்லில் துடைத்து வைத்துவிட்டாள். அவள்மேல் பிழையில்லை. மழையில் நனைந்தவளின் தலை ஈரமாகத்தான் இருக்கும். கைதட்டியவனும் நான், இன்னொரு படம் கேட்டவனும் நான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் அந்தப் பஸ்ஸில் போயிருப்பாள்.

"அப்ப எனக்காகத் திரும்பி வரல?"

"உங்கள எனக்குத் தெரியவே தெரியாதேங்க" என்றாள். கோபமில்லாமல், இரக்கமுமில்லாமல் சொன்னாள்.

"இவ்வளவு நாளா சொல்லல நீ."

"நீங்க கேக்கலயே."

பஸ் இன்னும் வரவில்லை. பிறகு எனக்கே வெட்கமாக இருந்தாலும் கேட்டேன். "படத்துல அந்த மாப்புள்ளயப் பாத்து 'பவ்'னியே. ஏன்?"

"பின்ன? ஊரே சேர்ந்து சிரிக்குது. அந்தாளுக்கு என்ன வேணும்னு படம் முடியிற வரைக்கும் ஒருத்தரும் கேக்கலயே."

6

வீட்டுக்கு வந்ததும் அவள் மறுநாளைக்குப் பாண் ரொட்டி வெட்டி வைத்தாள். பரீட்சைத் தாள் மேசையில் அப்படியே கிடந்தது. நான் அதை எடுத்து, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டேன். இனி அதைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பேசி என்ன? பஸ் தவறியதால் என்னிடம் வந்தவள். கையெழுத்துப் போட்டால் மட்டும் அது மாறிவிடுமா? அப்படியெல்லாம் மனசு ஓடியது. சேகர் இப்போது அவிசாவளையில் ஆட்டோ ஓட்டுகிறானாம், மூன்று பிள்ளைகளாம். படுக்கப் போகுமுன் அவளாகவே சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

7

திங்கட்கிழமை காலை முழங்கால் வழக்கத்தைவிட மோசம். அது முழங்கால் மட்டுமா, வீம்பும் சேர்ந்ததா என்று எனக்கே சரியாகத் தெரியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்து நூலைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். ராணி சாப்பாட்டுப் பெட்டிகள் இரண்டையும் பையில் வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"நேரமாச்சுங்க."

"நீ போ. நான் அடுத்த பஸ்ஸுல வாறேன்."

"அடுத்தது ஏழு மணிக்கு. ஒங்க பெக்டரி வாசல மூடிருவானுக."

"மூடட்டும். எனக்காக நீ நிக்காத."

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழ்க் கதவு சாத்தியது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. என்ன பயம் என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்து, பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கித் தெருவுக்கு வந்தேன்.

மூலை திரும்பும்போது பஸ் வந்து நின்றிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் இன்னும் இருநூறு காலடி. நேரம் ஐந்து நாற்பத்திரண்டு. போயிருக்க வேண்டிய பஸ். சாரதி ஹோன் அடித்தான், ஒன்று, இரண்டு. ஜன்னல்களில் தலைகள் திரும்பின. முன்கதவில் ராணி நின்றாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.

சாரதி இருக்கையிலிருந்து எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் கத்தினான். இவள் வழக்கம்போல, "பியானோ, பியானோ" என்பாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அவனை நேராகப் பார்த்து, அந்த விடியற்காலைத் தெருவில் எனக்குக் கேட்கும் அளவுக்கு, பிழையில்லாத இத்தாலியனில் ஒரு முழு வசனம் சொன்னாள்.

"அர்ரீவா மியோ மரித்தோ."

என் புருஷன் வருகிறார் என்று அர்த்தம்.

என்னால் ஓட முடியவில்லை. கையைத் தூக்கிப் போகச் சொல்லிப் பார்த்தேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். எல்லாரும் முறைத்துக்கொண்டிருக்க, முழங்கால் இடம் கொடுத்த அளவுக்கு நடந்தேன். நான் போய்க் கம்பியைப் பிடிக்கும்வரை அவள் அந்தக் காலை எடுக்கவில்லை.